காபியில் பூண்டு

பூண்டுதான். சந்தேகமில்லை. சந்தேகமில்லை என்று தோன்றுகிற இடத்தில்தான் சந்தேகப்பட வேண்டும் என்பது இப்போது ரத்தினசபாபதிக்கு விதிக்கப்பட்டிருக்கும் பத்தியம். ஆகவே வலது கட்டைவிரலை இடது உள்ளங்கையில் அழுத்திக்கொண்டு, ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சொல்லிக்கொடுத்த வாக்கியத்தை உதடு அசையாமல் சொல்லிப் பார்த்தார்: இது நோய், இது நான் இல்லை. உள்ளங்கை சிவந்தது. பூண்டு அப்படியே இருந்தது. நாக்கின் பின்பக்கம், தொண்டைக்குள் இறங்குகிற அந்த வளைவில், காலையில் குடித்த காபி போன பிறகும் தான் போகாமல், நசுக்கின பூண்டை இரும்புக் கரண்டியில் வைத்து நக்கினது போல ஒரு ருசி. உறையூர்க் கடைத்தெருவில், மதியச் சாப்பாட்டுக்காக ஷட்டரைப் பாதி இறக்கிவிட்ட அவருடைய காபித்தூள் கடை. சுற்றிலும் கொட்டை மூட்டைகள். சுவர், தராசு, ரசீதுக் கம்பி, மாலை போட்டு மாட்டியிருக்கும் அப்பாவின் படம், எல்லாமே வறுவல் வாசனை அடிக்கும். இதற்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு ஒருவர் பூண்டு மணக்கிறது என்று சொன்னால், கேட்பவன் முதலில் அவர் முகத்தைப் பார்ப்பான், அப்புறம் வெளியே போகும் வழியைப் பார்ப்பான். அதனால் அவர் யாரிடமும் சொல்லவில்லை. காலையில் தூள் வாங்க வந்த சுந்தரவல்லி டீச்சரிடம் மட்டும், வியாபாரப் பேச்சு போலக் காட்டிக்கொண்டு, லேசாகக் கேட்டுப் பார்த்தார். "டீச்சர், இந்தத் தூளைக் கொஞ்சம் மோந்து பாருங்க. வேற ஏதாச்சும் வாடை வருதா? பூண்டு மாதிரி?" டீச்சர் பொட்டலத்தை மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடித் திறந்தார். "காபித்தூள்ல பூண்டா? என்ன சபாபதி, ரசப்பொடி வியாபாரத்துக்கு மாறிட்டீங்களா?" அப்புறம் குரலைத் தணித்து, "ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வந்தப்புறம் உங்க நாக்கு இன்னும் கூர்மையாயிருக்கு. போன வாரப் பொடி அமிர்தம். நீங்க தைரியமா இருங்க" என்றார். தைரியமா இருங்க என்று ஒருவர் சொல்லும்போதுதான் பயப்படுவதற்கு என்னவோ இருக்கிறது என்று தெரிகிறது. மேஜைமேல் மனைவி தவமணி கட்டிக்கொடுத்த எவர்சில்வர் சாப்பாட்டு அடுக்கு திறக்கப்படாமல் உட்கார்ந்திருந்தது. அதன் வளைந்த வயிற்றில் அவருடைய முகம் அகலமாக, மூக்கே முழு முகமாகத் தெரிந்தது.

நாக்குதான் அவருடைய முதல். கடை, தராசு, அரைவை இயந்திரம் எல்லாம் அப்புறம். அப்பா காலத்திலிருந்து ஒரு வழக்கம்: அன்றன்றைக்கு வறுத்த கொட்டையில் ஒரு பிடி அரைத்து, பாலும் சர்க்கரையும் இல்லாமல் டிகாக்ஷன் இறக்கி, கரண்டியால் சத்தம் வர உறிஞ்சி, நாக்கு முழுக்கப் பரப்பி வைத்திருந்துவிட்டு, பக்கத்திலிருக்கும் பித்தளைக் கிண்ணத்தில் துப்பிவிட வேண்டும். விழுங்கக் கூடாது. விழுங்கினால் வயிறு அபிப்பிராயம் சொல்ல ஆரம்பித்துவிடும், வயிற்றுக்கு ருசி தெரியாது, ஆசைதான் தெரியும் என்பார் அப்பா. விழுங்குகிற வேலையை வாடிக்கைக்காரன் பார்த்துக்கொள்வான். ரத்தினசபாபதி தம் வாழ்நாளில் கடைக்காரராக நடந்துகொண்டது காபி விஷயத்தில் மட்டும்தான். இன்னொரு திரவத்தின் விஷயத்தில் அவர் தொடக்கத்திலிருந்தே பெரிய வாடிக்கைக்காரர். டாக்டரம்மாவுக்கு இந்த நாக்கின் வம்சாவளி தெரியாது. நல்ல பெண், சின்ன வயது, பேசும்போது பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் பேசுவார். "ஐயா, இந்த நோய்ல காது பொய் சொல்லும், மூக்கு பொய் சொல்லும், நாக்கும் பொய் சொல்லும். சாப்பாட்டுல யாரோ எதையோ கலக்குறாங்கன்னு தோணும். நிஜம் மாதிரியே தோணும். தோணிட்டுப் போகட்டும். நீங்க நம்பாதீங்க." காது, சரி. மூக்குகூடப் போகட்டும். நாக்கு என்றதும், வானத்தில் நட்சத்திரமே கிடையாது என்று சொல்லக் கேட்ட ஜோசியர் போல அவர் கீழே வைத்த பேனாவைப் பார்த்தார். அப்புறம் தலையாட்டினார். குணமாக வேண்டும் என்று அவருக்கு மெய்யாகவே ஆசை இருந்தது. ஆகவே நம்பாமல் இருப்பதை ஒரு தொழில் போலக் கற்றுக்கொண்டார், நன்றாகவும் செய்தார். சிக்கல் இதுதான்: இந்த நாக்கு பத்து மணிக்கு, கடையில், உயர்ந்த பிளாண்டேஷன் கொட்டையில் மட்டமான ரொபஸ்டாவைக் கலந்து ஏமாற்றப் பார்த்த மொத்த வியாபாரியைக் கையும் களவுமாகப் பிடிக்கிறது. அதே நாக்கு காலை ஏழு மணிக்கு, வீட்டில், தவமணி கொடுத்த காபியில் மட்டும் எப்படிப் பொய் சொல்லும்? ஒரே சாட்சி. ஒரு கோர்ட்டில் மகாயோக்கியன், இன்னொரு கோர்ட்டில் அயோக்கியன். அப்படியும் சாட்சிகள் உண்டு என்று அவருக்குத் தெரியும். அதையே பிடித்துக்கொண்டு அடுக்கைத் திறக்கலாம் என்று கையைக் கொண்டுபோனார், கை வழியில் நின்றுவிட்டது.

"கலக்கப்பட்டுள்ளது" என்றது குரல். பக்கத்து வீட்டு ரேடியோ அளவுக்குத்தான். ராத்திரி போடுகிற வெள்ளை மாத்திரை அதைக் குறைத்திருக்கிறது, நிறுத்தவில்லை. அந்தக் குரலுக்கு அவர் வைத்திருக்கும் பெயர் வானொலிக்காரர். விளைபொருள் விலை நிலவரம் வாசிக்கும் ஓர் ஆசாமியின் குரல். ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை, சுத்தமான எழுத்துத் தமிழ். கலக்கப்பட்டுள்ளது, கவனிக்கப்படுகிறது, முடிவு எடுக்கப்பட்டுவிட்டது. யார் கலந்தார், யார் கவனிக்கிறார் என்று மட்டும் ஒருநாளும் சொல்ல மாட்டார். கோப்பில் கையெழுத்துப் போடாமலே ஓய்வு பெற்ற அதிகாரியைப் போன்ற ஜாக்கிரதை. கல்யாணத்துக்கு முன்பே வந்துவிட்டார் அவர், தவமணிக்கு மூத்தவர். பெரியப்பா மகன் கல்யாணத்தில், லாட்ஜின் பின்பக்கம், முதன்முதலாகக் கையில் ஒரு பிளாஸ்டிக் தம்ளர் பிராந்தி திணிக்கப்பட்டது. அது உள்ளே இறங்கிக் கொஞ்ச நேரத்தில், ஸ்டேஷன் விலகினது போல, வானொலிக்காரர் இல்லை. இல்லவே இல்லை. அந்த அமைதியைத் தாங்க முடியாமல் ரத்தினசபாபதி தண்ணீர்த் தொட்டியில் சாய்ந்து அழுதார். "முதல் ரவுண்டுக்கே அழுவுறாம்பா" என்று எல்லாரும் சிரித்தார்கள். அவர்களுக்கு அது ஒரு குடிகாரனின் தொடக்கம். அவருக்கு அது, காது பிறந்ததிலிருந்து முதல் ஓய்வு. மருந்து என்று நினைத்துத்தான் குடித்தார். எல்லா மருந்தையும் போல அளவு ஏறியது. பிராந்தியில் மூழ்கடிக்கப்பட்ட வானொலிக்காரரும் நாளடைவில் நீந்தக் கற்றுக்கொண்டார், ஈரக்குரலில் இன்னும் பக்கத்தில் வந்து பேசினார். ஆஸ்பத்திரிக்குப் போனபோது அங்கே இரண்டு ஜன்னல். மனநலப் பிரிவு ஜன்னலில், "மொதல்ல குடியை நிறுத்திட்டு வாங்க, அப்பத்தான் எது நோய், எது சரக்குன்னு சொல்ல முடியும்" என்றார்கள். குடிமீட்பு ஜன்னலில், "குடியை நிறுத்தினா குரல் தானா நின்னுடும், பேசுறது சரக்குதான், நிக்கலைன்னா அந்த ஜன்னலுக்குப் போங்க" என்றார்கள். குரல் நிற்காமல் குடியை எப்படி நிறுத்துவது என்று கேட்க மூன்றாவது ஜன்னல் இல்லை. ஒரே உடம்பை இரண்டு தாசில்தார்கள் எல்லை பிரித்து வைத்துக்கொண்டு, தகராறு உள்ள நிலத்தை மட்டும் ஒருவர் தலையில் ஒருவர் கட்டிய மாதிரி. பேனாவைக் கீழே வைக்கும் டாக்டரம்மாதான் கடைசியில், "ரெண்டும் இருக்கு ஐயா, ஒண்ணையொண்ணு தோள்ல தூக்கிட்டுத் திரியுது" என்றார். வீட்டில் அதில் பாதியைத்தான் ஏற்றுக்கொண்டார்கள். குடிக்கிற பாதியை.

அடுக்கைத் திறந்தால் என்ன குழம்பு இருக்கும்? சாம்பாராக இருக்காது. அன்றைக்கப்புறம் தவமணி சாம்பார் வைப்பதில்லை. அன்றைக்கு, ஆஸ்பத்திரிக்குப் போகும் முன், வெண்டைக்காய் சாம்பார். அவருக்குள் பிராந்தியும் இருந்தது, வானொலிக்காரரும் இருந்தார். இலையைப் பார்த்துக்கொண்டே, "இதுல என்ன கலந்த?" என்று கேட்டார். தவமணி அன்று காலையிலிருந்து நின்றுகொண்டே இருந்தவள். "உப்பும் புளியும்" என்றாள். மறுபடி கேட்டார். "என்னங்க, சாப்பிடுங்க" என்றாள். மறுபடி கேட்டார். கேள்வி ஒன்றுதான், ஆனால் ஒவ்வொரு தடவையும் அது வேறு யாரோ கேட்பது போல இருந்தது. அப்புறம் பாத்திரம் எப்படிக் கவிழ்ந்தது என்பதில் இருவருக்கும் இரண்டு ஞாபகம். அவளுடைய இடது முன்கையில் வெற்றிலை அளவுக்குப் பளபளவென்று ஒரு தழும்பு இருப்பதில் மட்டும் கருத்து வேற்றுமை இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிக்கொண்டு வந்த அன்று, ஆட்டோவுக்குள், ரோட்டையே பார்த்துக்கொண்டு சொன்னாள்: "மறுபடி குடிச்சீங்கன்னாக்கூட நான் தாங்கிக்குவேன். குடிகாரன் பொண்டாட்டின்னா தெருவுல எனக்குத் துணை இருக்கு. அந்தக் கேள்வியை மட்டும் கேக்காதீங்க. என்ன கலந்தேன்னு இன்னொரு தடவை உங்க வாயிலேருந்து வந்துச்சு, நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிருவேன். வரவே மாட்டேன்." ஆட்டோக்காரர் கண்ணாடியில் ஒரு தடவை பார்த்துவிட்டு ஹாரன் அடித்தார், எதிரே யாரும் இல்லை. ரத்தினசபாபதி சரி என்றார். அன்றிலிருந்து அந்த வீட்டில் ஒரு கேள்வி இல்லை. மற்ற கேள்விகளெல்லாம் உண்டு. மாத்திரை போட்டீங்களா, தூங்கினீங்களா, கேஸ் தீர்ந்திருச்சே எப்ப வரும். அந்த ஒரு கேள்வி மட்டும் செத்துப்போனவரின் நாற்காலி மாதிரி கூடத்தில் கிடக்கிறது, யாரும் உட்காருவதில்லை, எல்லாரும் சுற்றிக்கொண்டு போகிறார்கள். இதில் காலையில் வரும் அந்தச் சத்தம் வேறு. பால் பொங்கி இறக்கின பிறகு, டம்ளர் எடுக்கும் முன்னால், சமையலறைக்குள் பூரிக்கட்டை கல்மேல் எதையோ அழுத்தி நொறுக்கும் ஒரு சின்னச் சத்தம். கரக். அப்புறம் ஒரு உரசல். ஏலக்காய் என்று சொல்லிக்கொண்டார். தவமணி காபிக்கு ஏலக்காய் போடுகிறவள் அல்ல. காபிக்கடைக்காரன் வீட்டில் காபிக்கு ஏலக்காய் போட்டால் அப்பா படத்திலிருந்து இறங்கி வந்துவிடுவார். டீக்கு இருக்கும். அவர்கள் வீட்டில் டீ போடுவதே கிடையாது. சரி, நோய். சத்தமும் நோய். மருந்துக் கம்பெனியில் வேலை பார்க்கும் மைத்துனன் சேதுராமன் தோள்பையோடு வந்து அக்காவிடம் அடுப்பங்கரையில் முணுமுணுத்துக்கொண்டிருப்பான், இவர் தலையைக் கண்டதும், "வாங்க மாமா, கலர் வந்துருக்கே! ரெண்டு கிலோ ஏறியிருப்பீங்க" என்பான். பேச்சு நின்றால் நம்மைப் பற்றித்தான் என்று தோன்றும், அதுவும் நோய்தான் என்று டாக்டரம்மா முன்கூட்டியே சொல்லியிருக்கிறார். எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லியிருக்கிறார். அதுதான் பயமாக இருக்கிறது. நாளைக்கு நிஜமாகவே ஒருவன் கத்தியோடு வந்து நின்றால்கூட, கட்டைவிரலை உள்ளங்கையில் அழுத்திக்கொண்டு நான் சிரித்த முகமாக நிற்பேனே என்று நினைத்தார். நினைத்ததும் சிரிப்பு வந்தது. கடைக்குள் தனியாகச் சிரிப்பது நல்லதல்ல என்று நிறுத்திக்கொண்டார்.

அந்தோணிசாமி இருந்திருந்தால் சேர்ந்து சிரித்திருப்பான். குடிமீட்பு வார்டில் பக்கத்துக் கட்டில், லாரி டிரைவர், கை நடுங்கும்போது கூட ஸ்டியரிங் பிடிக்கிற மாதிரியே நடுங்கும். அவன்தான் அந்த மாத்திரையைப் பற்றிச் சொன்னது. "அண்ணே, எம் பொண்டாட்டி என்ன பண்ணா தெரியுமா? குடியை மறக்கடிக்கிற மாத்திரைன்னு ஒண்ணு இருக்கு. நேரா கையில குடுத்தா நான் முழுங்குவனா? பொடி பண்ணி ரசத்துல போட்டுட்டா. எனக்கென்ன தெரியும், ரசம் சூப்பர்டின்னு சொல்லிட்டுப் போய் ஒரு கட்டிங் வுட்டேன். அஞ்சு நிமிசம் ஒண்ணுமில்ல. அப்பறம் மூஞ்சி தக்காளி. நெஞ்சுக்குள்ள சாவு மோளம். வாந்தி வேற. டாக்டரு சொன்னாரு, ஆளுக்குத் தெரியாமக் குடுக்கவே கூடாதாம், இன்னும் ஒரு ரவுண்டு போயிருந்தா எனக்கு மாலைதானாம்." அப்புறம் கட்டிலில் திரும்பிப் படுத்துக்கொண்டு, "ஆனா ஒண்ணுண்ணே, என் மேல அவளுக்கு எவ்ளோ ஆசைன்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது" என்றான். அந்த மாத்திரைக்கு வாயில் என்ன ருசி வரும் என்று ரத்தினசபாபதி கேட்கவில்லை. அப்போது கேட்கத் தோன்றவில்லை. இப்போது அதைத் தவிர வேறெதுவும் தோன்றவில்லை. மலையில் புகை தெரிந்தால் நெருப்பு உண்டு என்று பழைய தர்க்கக்காரர்கள் சாதிப்பார்கள். புகையைப் பார்க்கிற கண்ணே சந்தேகத்துக்குரியது என்றால் என்ன செய்வது என்று அவர்கள் யோசித்தார்களோ என்னவோ. அவர்களுக்கு மலைமேல் ஏறிப் போய்த் தொட்டுப் பார்க்கிற வசதி இருந்தது. எனக்கு? எனக்கும் இருக்கிறது, என்றது மனம், மிகவும் மெதுவாக, வானொலிக்காரர் குரலில் அல்ல, அவருடைய சொந்தக் குரலிலேயே. மூலையில் சாக்குப் போட்டு மூடியிருக்கும் பழைய கைச்சுற்று அரைவை இயந்திரம். அதன் அடியில் தூள் விழுகிற மரப்பெட்டி. பெட்டிக்குள் ஒரு குவார்ட்டர் பிராந்தி, ஆஸ்பத்திரிக்குப் போகும் முன் ஒளித்தது. வந்த பிறகு அதை எடுத்துக் கொட்டவும் இல்லை, தொடவும் இல்லை. கொட்டாததற்குக் காரணம், தொடாமல் இருப்பதில் இருந்த பெருமை. கொட்டிவிட்டால் பெருமைப்பட ஒன்றும் இருக்காதே. இப்போது அந்தக் குவார்ட்டர் வேறு உடுப்புப் போட்டுக்கொண்டு வந்து நின்றது. நான் சரக்கு இல்லை, சோதனை என்றது. ஒரு வாய் குடி. முகம் சிவந்தால் அவள் கலக்கிறாள், நாக்கு மெய், நீ பைத்தியம் இல்லை. சிவக்காவிட்டால் சாப்பாடு சுத்தம், அவள் சுத்தம், நீ நோயாளி, நிம்மதியாக மாத்திரை சாப்பிடு. எந்தப் பக்கம் விழுந்தாலும் ஒரு முடிவு. குடிகாரனின் தர்க்கத்துக்கு ஒரு விசேஷம் உண்டு: எந்தத் தெருவில் கிளம்பினாலும் ஒரே வாசலில்தான் கொண்டுபோய் விடும். ரத்தினசபாபதிக்கும் அது தெரியும். வார்டில் அதைச் சொல்லிச் சொல்லி வகுப்பெடுத்தார்கள். வேறு வழி ஒன்று இருக்கிறது, தவமணியையே கேட்பது. கேட்டால் அவள் போய்விடுவாள். குடித்தால் தாங்கிக்கொள்வாள். அவளே சொன்னது.

போனை எடுத்தார். அந்தக் கேள்வியைக் கேட்கப் போவதில்லை, சும்மா பேசப்போகிறோம் என்று சொல்லிக்கொண்டே எடுத்தார். "சொல்லுங்க. சாப்பிட்டீங்களா?" என்றாள். பின்னால் குக்கர் சத்தம். "இன்னும் இல்லை. என்ன குழம்பு?" "வத்தக்குழம்பு. கீரை. ஏன், தொறந்துகூடப் பாக்கலையா? மணி என்ன ஆச்சு?" "பூண்டு போட்டிருக்கியா?" "வத்தக்குழம்புக்குப் போடாமயா?" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவருக்குத் தேவையாக இருந்தது. அதோடு வைத்திருக்கலாம். "காபியில?" என்றார். குக்கர் ஒரு விசில் அடித்தது. அவள் அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது. அவளுடைய வலது கை இடது முன்கைத் தழும்பின் மேல் போய் உட்கார்ந்திருப்பது அவருக்குத் தெரிந்தது, பார்க்காமலே தெரிந்தது. "காபியில யாராச்சும் பூண்டு போடுவாங்களா?" என்றாள். குரல் மெலிந்திருந்தது. "என்னங்க. நேத்து ராத்திரி மாத்திரை போட்டீங்கதானே?" "போட்டேன்." "நான் ஒண்ணும் போடலைங்க. காபியில பாலு, சர்க்கரை, டிகாக்ஷன். அவ்வளவுதான். வேற ஒண்ணும் போடலை." நீ போட்டாயா என்று நான் கேட்கவே இல்லையே என்று அவருக்குத் தோன்றியது. கேட்காத கேள்விக்கு எதற்குப் பதில்? உடனே கட்டைவிரல் உள்ளங்கைக்குப் போனது. இப்படிக் கிளறுவதுதான் நோய். ஒருவர் சாதாரணமாகச் சொல்வதைப் பிடித்துக்கொண்டு முடிச்சுப் போடுவது. "சரி சரி, சும்மாதான் கேட்டேன். நீ சாப்பிடு" என்றார். "நீங்க சாப்பிடுங்க மொதல்ல" என்றாள். வைக்காமல் கொஞ்ச நேரம் இருந்தாள், மூச்சு கேட்டது, என்னவோ சொல்ல வருகிறவள் மாதிரி. அப்புறம் வைத்துவிட்டாள்.

ஆக, ஒன்றுமில்லை. அவளே சொல்லிவிட்டாள். வியப்பு என்னவென்றால் அவருக்கு நிம்மதியாக இருந்தது. நோய்தான். பெயர் உள்ள நோய், மாத்திரை உள்ள நோய். நாக்கு போய்விட்டது, போகட்டும். சுந்தரவல்லி டீச்சர் இன்னும் கொஞ்ச காலம் பழக்கத்தில் புகழ்ந்துகொண்டிருப்பார், அப்புறம் வேறு கடைக்குப் போவார். தோளிலிருந்து ஒரு மூட்டை இறங்கினது போல உடம்பு லேசாகி, அந்த லேசான உடம்பு தானாக எழுந்து மூலைக்குப் போனது. சோதனை தேவையில்லை என்று ஆகிவிட்டதே, பின் ஏன் போகிறோம் என்று ஒரு நினைப்பு வந்தது. காபியில் ஒன்றும் இல்லை என்றால் இதனால் ஆபத்தும் இல்லையே என்று இன்னொரு நினைப்பு அதன் கையைப் பிடித்து உட்கார வைத்தது. சாக்கை விலக்கினார். பெட்டியை இழுத்தார். பழைய தூள் பறந்து தும்மல் வந்தது. பாட்டிலின் மூடி திறக்கும் அந்தக் கிறக் சத்தம், ஆண்டவனே, எத்தனை சத்தங்களைக் காது மறந்திருக்கிறது, இதை மறக்கவில்லை. விழுங்கப் போவதில்லை. அதில் அவர் உறுதியாக இருந்தார். காபிக்கு என்ன முறையோ அதே முறை: கரண்டியில் எடுத்து, உறிஞ்சி, பரப்பி, துப்பிவிடுவது. ருசி பார்ப்பது குடிப்பது ஆகாது. அப்பா படத்துக்கு நேரே உட்கார்ந்து பித்தளைக் கிண்ணத்தை முன்னால் இழுத்துக்கொண்டார். முதல் கரண்டி: உறிஞ்சினார், பரப்பினார், துப்பினார். கிண்ணத்தில் டங்கென்று விழுந்தது. மலிவான சரக்கு, எரிந்த சர்க்கரை, வனிலா எசென்ஸ், ஓரத்தில் ரப்பர் வாடை. நாக்கு கணக்காகச் சொல்லியது. இரண்டாவது கரண்டியைக் கொஞ்சம் அதிக நேரம் வைத்திருந்து துப்பினார். மூன்றாவதைத் துப்பக் குனிந்தபோது துப்ப ஒன்றும் இல்லை. எப்போது இறங்கியது என்று அவருக்கே தெரியவில்லை. வாசலில் காவலுக்கு நிறுத்தின ஆள் விருந்தாளியோடு சேர்ந்து உள்ளே போய்விட்ட மாதிரி. அதற்கப்புறம் கரண்டிக்கு வேலை இல்லை. பாட்டிலை வைத்தபோது பாதிக்குக் கீழே இருந்தது.

ஒன்றும் நடக்கவில்லை. வெளியே ஒரு வேன் எலுமிச்சம்பழம் விற்றுக்கொண்டு போனது. முகத்தைத் தொட்டுப் பார்த்தார், சாதாரணச் சூடு. ஆக, உறுதி. தவமணி சொன்னது உண்மை. எவ்வளவு உண்மையானவள். அவளைப் போய் இத்தனை காலம் மனத்துக்குள் கூண்டில் நிறுத்திக் குறுக்கு விசாரணை செய்துகொண்டிருந்தேனே என்று கண் கலங்கியது. சாயங்காலம் போய்ச் சொல்லிவிட வேண்டும். குடித்துவிட்டேன், மன்னித்துவிடு, ஆனால் இனிமேல் உன்மேல் சந்தேகமே வராது என்று. குடித்ததை அவள் தாங்கிக்கொள்வாள். அடுக்கைத் திறந்தார். வத்தக்குழம்பைச் சோற்றில் ஊற்றி, பூண்டுப் பல் ஒன்றை விரலால் தேடி எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். நல்ல பூண்டு. நியாயமான இடத்தில் இருக்கிற பூண்டு. மென்றுகொண்டிருக்கும்போது கழுத்தின் பின்பக்கம் யாரோ வெந்நீர்த் துணியை வைத்தார்கள். அது காதுக்கு ஏறியது. காதிலிருந்து கன்னத்துக்கு. மிளகாய் அதிகமோ என்றுதான் முதலில் நினைத்தார். பிறகு நெஞ்சு ஒரு தடவை தடுக்கி விழுந்து, எழுந்து, ஓட ஆரம்பித்தது. அடுக்கின் வளைந்த வயிற்றில் ஒரு முகம் தெரிந்தது, அகலமாக, மூக்கே முழு முகமாக, செக்கச் செவேலென்று. தக்காளி. நெற்றிப் பொட்டில் மோளம் அடித்தார்கள். அவர் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பயம் வரவில்லை. பயம் வர வேண்டிய இடத்தில், பெரிய கூட்டத்தில் தொலைந்துபோன பிள்ளையைக் கண்டுபிடித்தவனுக்கு வருகிற மாதிரி ஒரு சந்தோஷம் குபுகுபுவென்று வந்தது. நெருப்பு. மலைமேல் நெருப்பு இருக்கிறது. புகை பொய் இல்லை, கண் பொய் இல்லை, நாக்கு பொய் இல்லை. பூரிக்கட்டை மெய். சேதுராமனின் முணுமுணுப்பு மெய். நான் பைத்தியம் இல்லை. எழுந்திருக்கப் பார்த்தார், மூட்டையைப் பிடித்துக்கொண்டே சரிந்து தரையில் உட்கார்ந்தார். மூட்டை வாய் அவிழ்ந்து கொட்டை மடியில் கொட்டியது. மூச்சு மேலேயே நின்றுகொண்டு கீழே வர மறுத்தது. "இத்துடன் செய்திகள் நிறைவடைந்தன" என்றார் வானொலிக்காரர், அதே ஏற்ற இறக்கமில்லாத குரலில். அப்புறம் அவர் இல்லை. லாட்ஜின் தண்ணீர்த் தொட்டிக்குப் பிறகு அப்படி ஓர் அமைதி வந்ததே இல்லை.

போன் அதிர்ந்தது. விரல் எங்கேயோ இருந்தது. ஒருவழியாகத் தள்ளினார்.

"என்னங்க, நான் ஒண்ணு சொல்லணும். கோபப்படாதீங்க. அப்பவே சொல்லியிருக்கணும். காலையில காபியில... சேது குடுத்த மாத்திரை. நீங்க குடிக்காம இருக்கிறதுக்கு. விஷம் இல்லைங்க, சத்தியமா இல்லை. குடிக்கலைன்னா ஒண்ணும் பண்ணாதுன்னான். உங்ககிட்ட சொன்னா மறுபடி அந்த நெனைப்பு வந்துடும்னு அவன்தான் சொல்ல வேணாம்னான். நீங்க காபியிலன்னு கேட்டதும் எனக்குச் சோறு எறங்கலை. பாவம் உங்க நாக்கைப் போயி நான்... கேக்குதா? என்னங்க? ஏன் இப்படி மூச்சு வாங்குது?"

அவர் சிரித்தார். சிரிப்பு பாதியில் இருமலாகப் போனது.

"குடிச்சீங்களா? ஐயோ, குடிச்சீங்களா? எங்க இருக்கீங்க, கடையிலயா? பக்கத்துல யாராச்சும் இருக்காங்களா? குரல் குடுங்க!"

"பூண்டு" என்றார். ஒவ்வொரு எழுத்தாக, மிகுந்த திருப்தியோடு. "பூண்டுதான், தவமணி. நாக்கு நல்லாத்தான் இருக்கு."

போன் கையிலிருந்து நழுவிக் கொட்டைக்குள் புதைந்தது. அதற்குள்ளிருந்து அவள் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள், கல்யாணமானதிலிருந்து முதல் தடவையாக. பாதி இறங்கியிருந்த ஷட்டருக்குக் கீழே இரண்டு கால்கள் வந்து நின்றன. சற்றுத் தயங்கின. சாப்பாட்டு நேரத்தில் தொந்தரவு செய்வானேன் என்று திரும்பிப் போயின.